பொன்னியம்மனோடு தசரதன் பேசாமல் இருந்த எட்டு மாதம்

எங்கள் பீர்க்கன்கரணையில் தசரதன் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நாய்க்காக மாட்டை விற்றவர் வீடு என்று கேட்டால் வாசல் வரைக்கும் கூட்டிவந்து விடுவார்கள். சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் ஊற்றிய பாலைக் குடித்து வளர்ந்தவர்கள். தவிர, அந்த மாட்டை அவர் தானாக விற்கவில்லை. விற்க வைத்தவள் நான். இது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவர் இப்போது இல்லை.

என் பெயர் மெட்டில்டா. தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் விஞ்ஞானப் பாடம் எடுத்தேன். நான் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். அது உண்மைதான். எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டால் அடுத்தவர் வாயைத் திறக்க விடமாட்டேன். இந்தக் குணம்தான் தசரதன் வாழ்க்கையில் போய் விளையாடியது.

எழுபத்தொன்பதில் நான் இங்கே மனை வாங்கி வீடு கட்டினேன். அந்த மனை தசரதனுடைய அப்பாவின் நெல் வயல். ஏரிப் பாசனத்தில் மூன்று போகம் கண்ட நிலம் அது. அப்பா போனதும் அண்ணன் தம்பிகள் கூறு போட்டு விற்றார்கள். மூத்தவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட் கடை வைத்தார், அடுத்தவர் வாடகைக்கு வீடுகள் கட்டிவிட்டார். இருவரும் நன்றாக இருந்தார்கள். கடைசிப் பிள்ளையான தசரதன் தன் பங்கில் என் மனையை ஒட்டி ஒரு ஓட்டு வீடும் இரண்டு கறவை மாடும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தில் ஒரே மகளைப் படப்பையில் கட்டிக்கொடுத்துவிட்டு, சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டார். அண்ணன்மார் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் மனைவி கங்கையம்மாளும் அடித்துக்கொண்டாள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. விடிவதற்கு முன்னால் கறந்து, முதல் படியை ஏரிக்கரைப் பொன்னியம்மனுக்கு வைத்துவிட்டு, இரும்புலியூர் கேட்டைத் தாண்டி ஏர்ஃபோர்ஸ் குடியிருப்புக்குப் போய் ஊற்றுவார். திரும்பி வரும்போது என் வீட்டு வாசலில் "டீச்சரம்மா, பாலு" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலை வைத்து நான் கடிகாரத்தைச் சரிசெய்திருக்கிறேன்.

அவருக்கு எழுதப் படிக்க வராது. பட்டா, வரி ரசீது, மகள் வீட்டுக் கடிதம் எல்லாம் என் முன்வாசலுக்கு வந்துவிடும். நான் படித்துச் சொல்வேன். படித்துச் சொல்வதோடு நிறுத்தமாட்டேன், என்ன செய்யவேண்டும் என்றும் சொல்வேன். "நீங்க சொன்னா சரிதான் டீச்சரம்மா" என்று அவர் தலையாட்டிவிட்டுப் போவார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிப்பானேன்?

எண்பத்தொன்றில் ஏர்ஃபோர்ஸ் அதிகாரி ஒருவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. குடும்பம் விமானத்தில் போகிறது, நாயைக் கொண்டுபோக முடியாது. ஒரு வயது ஆல்சேஷன் பெட்டை, பெயர் ஷீபா. பால்காரரைப் பார்த்து அது வாலாட்டுவதைப் பார்த்திருந்த அதிகாரியின் மனைவி, சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே வண்டி ஏறினாளாம். தசரதன் ஒரு கையால் சைக்கிளையும் ஒரு கையால் நாயையும் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். அன்று முதல் அது எங்கள் தெருவில் சீபா.

சீபாவுக்குத் தமிழ் தெரியாது. உட்கார் என்றால் முழிக்கும், வா என்றால் அசையாது. ஆகவே தசரதன் அடுத்த வாரம் குடியிருப்பில் பால் ஊற்றிய வீடுகளிலெல்லாம் கேட்டுக் கேட்டு நாய்க்கு வேண்டிய இந்தியைக் கற்றுக்கொண்டு வந்தார். "பைட்டோ" என்பார், அது உட்காரும். "இதர் ஆவ்" என்பார், ஓடிவரும். மாட்டைத் தமிழிலும் நாயை இந்தியிலும் அதட்டுகிற ஒரே ஆள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அவர்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த நாய் அவரோடு எட்டு வருஷம் இருந்தது. அதற்குப் போட வேண்டிய ஊசியை ஒரு வருஷமும் அவர் தவறவிட்டதில்லை. உண்ணிக் காய்ச்சல் வந்தபோது பத்து நாள் மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார். கங்கையம்மாள் என் வாசலில் வந்து பொருமுவாள்.

"எனுக்கு ஜொரம் வந்தா சுக்குக் கஷாயம். அதுக்கு வந்தா டாக்டரு, ஊசி, மாத்திர. நான் நாயா பொறந்திருக்கலாம் டீச்சரம்மா."

பொருமுகிறவள் வீட்டுக்குப் போய்த் தன் தட்டிலிருந்த மீன் தலையை அதற்குப் போடுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

எண்பத்தொன்பது நவம்பரில், நல்ல மழைக் காலம், சீபா சாப்பாட்டை விட்டது. தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்தது. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. தாம்பரம் அரசு கால்நடை மருந்தகத்தில் பார்த்த டாக்டர், இதற்கு அறுவை வேண்டியிருக்கும், இங்கே வசதியில்லை, குரோம்பேட்டையில் தனியாகச் செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமே என்று தசரதன் என்னையும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஆட்டோவில் போனோம். சீபாவின் தலை அவர் மடியில் இருந்தது, பின்னங்கால்கள் என் மடியில். என் பட்டுப் புடவை பாழாயிற்று.

டாக்டர் பெயர் ஸ்ரீரங்கன். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். ஆங்கிலமே தேவைப்படவில்லை. தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"கர்ப்பப்பை முழுக்க சீழ் கட்டியிருக்கு. குட்டி போடாத பெட்டைக்கு இந்த வயசுல வர்றதுதான். எடுத்தாகணும். ஆனா விஷம் ரத்தத்துல கலந்து கிட்னியைத் தொட்டிருக்கு. கர்ப்பப்பையை எடுத்துடலாம், கிட்னி திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி."

"எடுக்கலன்னா இன்னா சார் ஆவும்?" என்றார் தசரதன்.

"ஒரு வாரம், பத்து நாள். கஷ்டப்படும். அதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுடலாம். தூங்கற மாதிரி போயிடும். நான் எதையும் சொல்ல மாட்டேன். ரெண்டுமே தப்பில்ல. நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அதுக்கு மேல கத்தி வைக்கிறதே வீண்."

செலவையும் சொன்னார். அறுவை, மயக்க மருந்து, அதற்குப் பிறகு தினம் ஏற்ற வேண்டிய சலைன் எல்லாம் சேர்த்தால் தசரதனுக்கு நான்கு மாத வருமானம். வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் செலவு குறையும், ஆனால் இந்த நிலையில், இந்த மழையில் அவ்வளவு தூரம் குலுக்கக் கூடாது என்றும் சொன்னார். தசரதனிடம் இருந்த சொத்து இரண்டு மாடு. ஒன்று சினை, கறவை நின்றிருந்தது. கறந்துகொண்டிருந்தது செவலை ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். கர்ப்பப்பை என்றால் என்ன, சீழ் எப்படிக் கட்டுகிறது, எடுத்துவிட்டால் எப்படிச் சரியாகும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துவதுபோல் நடத்தினேன். கிட்னியைப் பற்றி மட்டும் அதிகம் சொல்லவில்லை. அவர் நாயின் காதைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஏன் அவ்வளவு துடித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஜெபராஜுக்கு எழுபத்தேழில் குடல்வால் வீங்கியது. டாக்டர் உடனே அறுக்கச் சொன்னார். என் மாமியார், ஊரிலிருந்து பாதிரி ஐயர் வரட்டும், ஜெபம் பண்ணிவிட்டு முடிவு செய்வோம் என்றார். ஐயர் வந்து சேர இரண்டு நாளாயிற்று. அதற்குள் உள்ளே வெடித்துவிட்டது. நான் ஜெபத்தைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கும் ஜெபித்தேன், இன்றைக்கும் ஜெபிக்கிறேன். அந்த இரண்டு நாளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கத்தி வைக்கலாமா வேண்டாமா என்று யாராவது தயங்கினால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அது மனிதனானாலும் சரி, நாயானாலும் சரி.

சனிக்கிழமை காலையில் தசரதன் வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு வாழையிலைத் துண்டு, கொஞ்சம் வாழைநார், ஒரு நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி.

"பூ கட்டிப் பாக்கலாம்னு கீறேன் டீச்சரம்மா. வெள்ள வந்தா அறுக்கறது. செவப்பு வந்தா ஊசி. அம்மா இன்னா சொல்றாளோ அத்த செஞ்சுடறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உயிர் போகிற விஷயம் தசரதன். இதைப் போய்ப் பூவிடம் கேட்பீர்களா?"

"வேற யாரக் கேக்கறது? கங்கா வாணாங்கிறா. அறுக்க மாட்ட விக்கணும், நாயும் போச்சுன்னா மாடும் கூடப் போவுதேன்னு அழுவுறா. அவ சொல்றதும் நாயம்தான். எனுக்கு அறுக்கணும்னும் கீது, அது கஷ்டப்படக் கூடாதுன்னும் கீது. ராத்திரியெல்லாம் அதும் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தேன். அது என்னியப் பாக்குது. என்னால முடியல."

சரி, அதற்கு என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பொட்லம் கட்டறவங்க வெளி ஆளா இருக்கணும். எங்க வூட்ல யாரு கட்னாலும் கை ஒரு பக்கம் சாயும். நீங்க வேதக்காரங்க. எங்க அம்மாகிட்ட உங்களுக்கு ஒண்ணும் ஆவ வேண்டியது இல்ல. உங்க கை சாயாது."

எங்கள் சபையில் தெரிந்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதையும் சொன்னேன். அவர் தட்டை நீட்டிக்கொண்டே நின்றார். இரண்டு நாள் தூங்காத கண்கள். நான் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

சமையலறை மேடையில் வைத்து ஒரு இலையில் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். செவ்வரளியை எடுத்தேன். கீழே வைத்தேன். பின்கதவைத் திறந்தால் என் தோட்டத்திலும் நந்தியாவட்டை உண்டு. ஒரு பூவைப் பறித்து வந்து இரண்டாவது இலையிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு துளிக்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. இரண்டு மார்க்கில் தோற்கப்போகிற பிள்ளைக்கு மனமறிந்து மார்க் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். சரியான விடை எனக்குத் தெரியும், ஒரு செடியிலிருந்து பறித்த பூ அதைக் கெடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். தட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் இரண்டு பொட்டலத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நானும் ஏரிக்கரை வரைக்கும் போனேன். கோயிலுக்குள் போகவில்லை, குடையோடு வேப்பமரத்தடியில் நின்றேன். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கி, கற்பூரம் காட்டி, ஒன்றை எடுத்துத் தசரதன் கையில் கொடுத்தார். பிரிக்காத பொட்டலத்தை ஏரியில் விட்டுவிடுவது இங்கே வழக்கம். பூசாரியே போய் விட்டுவிட்டு வந்தார். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். தசரதன் கையிலிருந்ததைப் பிரித்தார். வெள்ளையைப் பார்த்ததும் அந்த மனிதர் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து வெளியே வந்தபோது முகமே மாறியிருந்தது.

"சொல்ட்டா டீச்சரம்மா. அறுன்னு சொல்ட்டா" என்றார்.

கங்கையம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அம்மன் சொன்ன பிறகு என்ன பேசுவது? அன்று மதியமே படப்பையிலிருந்து மகள் வீட்டார் மூலம் ஒரு தரகர் வந்தார். அவசரம் என்று தெரிந்துகொண்டு விலையை அடித்துப் பேசினார். செவலையைக் கங்கையம்மாள்தான் தெருமுனை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். தசரதன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஞாயிறு காலையில் அறுவை நடந்தது. நான் ஆராதனைக்குப் போகாமல் குரோம்பேட்டையில் உட்கார்ந்திருந்தேன். சீபா பிழைத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தது. புதன்கிழமை இரண்டு வாய் தயிர்ச்சோறு சாப்பிட்டது. அன்று தசரதன் தெருவில் வீடு வீடாகப் போய் அதைச் சொன்னார். நானும் பள்ளியில் ஆசிரியர் அறையில் சொன்னேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வாந்தி தொடங்கியது. கிட்னி திரும்பவில்லை. ஸ்ரீரங்கன் தினமும் சாயங்காலம் தன் ஸ்கூட்டரில் வந்து சலைன் ஏற்றினார். பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சீபாவின் வாயெல்லாம் புண்ணாயிற்று. தையல் போட்ட இடம் கசிந்தது. எழுந்து நிற்க முயலும், பின்னங்கால் மடங்கி விழும், விழுந்துவிட்டோமே என்று வெட்கப்படுவதுபோல் அவரைப் பார்க்கும். செவலை கட்டியிருந்த இடம்தான் மழை படாத இடம். அங்கே சாக்கு விரித்துப் படுக்க வைத்து, பஞ்சில் குளுக்கோஸ் தண்ணீரை நனைத்து அதன் வாயில் பிழிந்துகொண்டே இருந்தார்.

அறுவை நடந்த பத்தாவது நாள் டாக்டர், "போதும் தசரதன், ஊசியைப் போட்டுடலாம்" என்றார்.

"இல்ல சார். அம்மா அறுன்னு சொன்னா. காப்பாத்தத்தான் சொல்லியிருப்பா. அவ சொல்ட்டு வுட்ற மாட்டா."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், அந்த ஊசியைப் போட விடுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்த நாய் இரண்டு நாள் வதையிலிருந்து தப்பியிருக்கும். சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான், அன்றைக்குக் காலி சலைன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜெபராஜ் விஷயத்தில் எந்தத் தப்புக்காக என் மாமியாரோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தேனோ, அந்தத் தப்பைவிடப் பெரியதை நான் செய்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சீபா போய்விட்டது. கடைசி ஒரு மணி நேரம் கத்தியது. தசரதன் அதன் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டு, "பஸ், பஸ், ஹோ கயா, பச்சா" என்று அதற்குத் தெரிந்த பாஷையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், போதும் போதும், ஆயிற்று, குழந்தே என்று. அதற்குப் புரியாத ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கங்கையம்மாள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து அம்மனுக்கு வைக்கிற முதல் படி நின்றது. அவரிடம் அப்போது கறவையே இல்லை, பெருங்களத்தூரில் ஒருவரிடம் பால் வாங்கித்தான் ஊற்றினார். ஆனாலும் ஒரு படி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. கோயில் வழியாகப் போகிற பாதையை விட்டு, ஒரு மைல் சுற்றிக்கொண்டு போனார். தை மாதம் சினை மாடு கன்று போட்டது. சீம்பால்கூட அம்மனுக்குப் போகவில்லை. அறுபது வருஷமாக ஆடி மாதக் கூழுக்கு முதல் குடம் அவர் குடும்பத்தார்தான் தூக்கவேண்டும். அதுவும் இந்த வருஷம் இல்லை என்று ஊராரிடம் சொல்லிவிட்டார். வருமானம் பாதியாகிப் போனதால் கங்கையம்மாளுக்கு எங்கள் பள்ளியில் ஆயா வேலை வாங்கிக் கொடுத்தேன். டீச்சரம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று தெருவே பேசியது. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆடி பிறந்த வாரம் கங்கையம்மாள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"நெத்தில துண்ணூறு வைக்க மாட்டேங்குது. அவ பேச்சையே எடுக்காதங்குது. 'நாந்தான் அவளக் கேட்டேன், கேட்டது தப்பு, ஆனா தெரியாதுன்னு சும்மா இருந்திருக்கலாம் இல்ல, எதுக்கு அறுன்னு சொல்லி அத்த சித்ரவத பண்ணா'ன்னு கேக்குது. மனுசங்க மேல கோவம்னா சமாதானம் பண்ணலாம். அம்மா மேல கோவத்த நான் எங்க போயி தீக்கறது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சரம்மா. நீங்க சொன்னா கேக்கும்."

அம்மனை நான் கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்கு யார் பழி சுமந்தாலும் அது அநியாயம்தானே. அதைவிட, தாய் மாதிரி நினைத்த ஒருத்தி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று அந்த மனிதர் நெஞ்சு வெந்துகொண்டிருக்கிறார். அந்த ஏமாற்று வேலை என்னுடையது.

சனிக்கிழமை பிற்பகல் ஏரிக்கரைக்குப் போனேன். தசரதன் இடுப்பளவு தண்ணீரில் நின்று மாட்டை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கரையிலிருந்தே சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் நான் வெள்ளைப் பூவைத்தான் வைத்தேன், சிவப்பு உள்ளே போகவே இல்லை, சீபா பிழைத்துவிடும் என்று நினைத்துச் செய்தேன், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள் என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. மாட்டின் முதுகை முடித்து, வயிற்றை முடித்து, தொடைக்கு வந்தார். கேட்டாரா இல்லையா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு வைக்கோலைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நெசமா கட்டியிருந்தா இன்னா பூ வந்திருக்கும் டீச்சரம்மா?"

"தெரியாது" என்றேன்.

"அவளுக்குத் தெரியும். நான் அவளக் கேட்டேன். நீங்க அவளப் பேச வுடலியே."

அதில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மாட்டை ஓட்டிக்கொண்டு கரையேறி வந்து, "இத்தப் புடிங்க" என்று கயிற்றை என் கையில் கொடுத்தார். ஈர வேட்டியோடு நேரே கோயிலுக்குள் போனார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கம்பிக் கதவுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எட்டு மாதமாகப் பேசாத பேச்சையெல்லாம் பேசினார். நடுநடுவே இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பி வந்து என்னிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டபோது நெற்றி நிறையத் திருநீறு இருந்தது. என்னைப் பார்க்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த ஆடியில் முதல் குடத்தை அவர்தான் தூக்கினார். கங்கையம்மாள் ஒரு தூக்கு நிறையக் கூழ் கொண்டுவந்து கொடுத்து, "உங்க வாய் முகூர்த்தம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. பால் தவறாமல் வந்தது, "டீச்சரம்மா, பாலு" என்ற குரலும் வந்தது. நல்லது கெட்டது விசாரிப்பார், என் கொய்யா மரத்துக்கு எரு கொண்டுவந்து போடுவார். காகிதம் மட்டும் வரவில்லை. பட்டாவில் ஏதோ சிக்கல் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், அதைத் தாம்பரம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொடுத்துப் படித்துக்கொண்டார். மகள் கடிதத்தைத் தபால்காரரே நின்று படித்துச் சொன்னார்.

தொண்ணூற்றேழில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அறுவை செய்யலாம், மாத்திரையிலும் வைத்திருக்கலாம், வீட்டார் முடிவு செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அண்ணன்மார் வந்தார்கள், படப்பையிலிருந்து மகளும் மருமகனும் வந்தார்கள், சிமெண்ட் கடைக் கணக்குப்பிள்ளைகூட வந்தார். மூன்று நாள் அந்த வீட்டு வாசலில் பேச்சு நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் வீட்டிலேயே இருந்தேன். கங்கையம்மாள் என்னைக் கேட்டு வரலாம் என்று எழுந்தாளாம். "டீச்சரம்மாவ வாணாம்" என்று அவர் சொல்லிவிட்டாராம். அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளே இதை என்னிடம் சொன்னாள். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு என்றுதான் அப்படிச் சொல்லியிருக்கும் என்றாள்.